எம்-புக்கில் ஏறாத கணக்கு

தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் பொறியாளர்களுக்கும் கட்டட வடிவமைப்பாளர்களுக்கும், வணக்கம்.

நானும் கட்டடத் தொழிலில்தான் இருக்கிறேன். வரைபடம், சைட், பில் சரிபார்ப்பு என்று நாள் ஓடுகிறது. அதனால் செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகமான எம்-புக்கின் மகிமை எனக்கும் தெரியும். கான்கிரீட் இத்தனை கன மீட்டர், பூச்சு இத்தனை சதுர மீட்டர் என்று அதில் ஏறினால்தான் காசு. ஏறாத வேலை கொஞ்ச நாளில் யாருக்கும் நினைவிருக்காது. அப்படி ஏறாமல் போகும் ஒரு கணக்கைப் பற்றித்தான் இந்த மடல்.

1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கியது உங்கள் நிறுவனம். 2021-இல் பெயர் மாறியது. இடையில் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று சென்னையின் தென்கோடியில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்தன. கூவம், அடையாற்றுக் கரைகளில் இருந்தவர்கள் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அறிக்கையில் வருவது எப்போதும் இரண்டே எண்கள்: இத்தனை வீடு, இத்தனை கோடி. சாவி கொடுக்கும் நாளில் புகைப்படம் எடுத்ததும் கோப்பு மூடப்படுகிறது.

ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்பில், ஆறாவது மாடியில் ஒரு பாட்டியைப் பார்த்தேன். பழைய இடத்தில் வீட்டு வாசலிலேயே இட்லிக் கடை வைத்திருந்தாராம். விடியற்காலை ஐந்து மணிக்கு ஆட்டோக்காரர்கள், அப்புறம் வேலைக்குப் போகிற பெண்கள், ஒன்பது மணிக்குள் அண்டா காலி. இங்கே இட்லி வாங்க ஆறு மாடி யார் ஏறுவார்கள்? அடுப்பைக் கீழே இறக்கி வைத்துப் பார்த்திருக்கிறார். வண்டி நிறுத்துகிற இடம், எடு என்று சொல்லிவிட்டார்கள். நான் போன அன்று அங்கே இரண்டு சைக்கிளும் ஒரு பழுதான பைக்கும்தான் நின்றன. இட்லி அண்டா பரண்மேல், துணி மூட்டைக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது.

வீட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கழிப்பறை உள்ளேயே இருக்கிறது, மழை ஒழுகவில்லை. பாட்டியே அதைத்தான் முதலில் சொன்னார். ஆனால் அவர் இழந்த வருமானம் திட்டச் செலவில் சேராது. கீழ்த்தளத்தில் பத்தடிக்குப் பத்தடி இடமும் ஒரு குழாயும் விட்டிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும் என்பதும் எந்தப் பக்கத்திலும் வராது.

இந்தக் கணக்குக்கு வெளிநாடுகளில் 'சமூக மதிப்பு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2012-இல் இதற்கென ஒரு சட்டமே வந்தது. பொதுப்பணத்தில் சேவைகளை ஒப்பந்தம் விடும்போது, அதனால் அந்தப் பகுதிக்கு என்ன நன்மை என்பதையும் யோசிக்க வேண்டும் என்றது. 2021 முதல் அந்நாட்டு மத்திய அரசுத் துறைகளின் பெரிய ஒப்பந்தங்களில் குறைந்தது 10 சதவீத மதிப்பெண் இதற்கென ஒதுக்கப்பட்டது. 2020-இல் அந்நாட்டுக் கட்டடக் கலைஞர் கழகமும் ரீடிங் பல்கலைக்கழகமும் அளப்பதற்கான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டன. கட்டி முடிந்து ஆள் குடியேறிய பிறகு திரும்பப் போய்க் கேட்பதுதான் அதன் உயிர். அங்கேயும் கோளாறு இல்லாமல் இல்லை. அண்டை வீட்டாரோடு பழகுவதற்குக்கூட பவுண்டில் விலை போட்டுக் கூட்டிக் காட்டுகிறார்கள். அந்தக் கூத்து நமக்கு வேண்டாம். திரும்பப் போகிற பழக்கம் மட்டும் வந்தால் போதும்.

மக்கள் குடிபோவதற்கு முன்பே போய்க் கேட்டவர்களும் உண்டு, அதுவும் நம் நாட்டிலேயே. இந்தூரில் அரண்யா குடியிருப்பைத் திட்டமிட்ட கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷியின் குழு, அந்த ஊர்க் குடிசைப் பகுதிகளில் மக்கள் வாசலை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்று முதலில் போய்ப் பார்த்தது. ஏழைக் குடும்பங்களுக்கு வீட்டின் அடித்தள மேடையும் தண்ணீரும் கழிப்பறையும் தந்துவிட்டு, மிச்சத்தைக் கையில் காசு சேரச் சேர அவர்களே கட்டிக்கொள்ள விட்டார்கள். வாசலில் நம் திண்ணை மாதிரி ஒன்றும் இருந்தது. மனையே இல்லாத சென்னையில் அப்படியே செய்ய முடியாது என்பீர்கள். சரி, முடியாது. வாசலைப் போய்ப் பார்ப்பதற்கு மனை தேவையில்லையே.

இன்னொன்று, கட்டுகிற காலத்தைப் பற்றி. நம் சைட்டுகளில் சித்தாள் என்றால் பெண். இருபது வருடம் கலவை சுமந்தாலும் சித்தாள்தான். கரண்டி கைக்கு வராது, கொத்தனார் கூலியும் வராது. பல கோடி ரூபாய் வேலை இரண்டு மூன்று வருடம் நடக்கிறது. அதே பகுதிப் பெண்கள் பத்துப் பேருக்கு அங்கேயே பூச்சு வேலையும் டைல்ஸ் ஒட்டுவதும் கற்றுத்தர வேண்டும் என்று ஒப்பந்த நிபந்தனையில் ஒரு வரி சேர்த்தால் யார் தடுக்கப்போகிறார்கள்? ஒப்பந்தக்காரர் முணுமுணுப்பார். எல்லோருக்கும் அதே நிபந்தனை என்றால் அதையும் விலையில் சேர்த்துக்கொண்டுதான் எல்-1, அதாவது குறைந்த விலை கேட்டு வேலையை எடுப்பவர், வருவார்.

அளப்பது பெரிய வித்தை இல்லை. குடிபோகும் முன் ஒரு முறை, போய் ஒரு வருடம் கழித்து ஒரு முறை, அதே குடும்பங்களிடம் அதே கேள்விகள். வேலைக்குப் போக எவ்வளவு நேரம், எவ்வளவு பஸ் காசு? வேலை இருக்கிறதா, விட்டுப்போனதா? பிள்ளை அதே பள்ளியா, வேறா, நின்றுவிட்டானா? லிஃப்ட் போன மாதம் எத்தனை நாள் ஓடவில்லை? இருட்டிய பிறகு பெண் பிள்ளையைத் தனியே படியில் அனுப்புவீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை வைத்தே படிக்கட்டை எங்கே வைப்பது, விளக்கை எங்கே போடுவது என்று அடுத்த கட்டடத்துக்கு வரைந்துவிடலாம்.

வந்த பதிலை அந்தக் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் தமிழில் ஒட்டுங்கள். கசிவுக்கும் விரிசலுக்கும் பொறுப்பேற்கும் காலம் என்று ஒப்பந்தத்தில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அந்தக் காலம் முடிவதற்குள் இந்தக் கணக்கெடுப்பும் நடந்தாக வேண்டும், அதில் வந்த குறைகளில் கட்டடத்தால் தீர்வதைத் தீர்த்துவிட்டுத்தான் ஒப்பந்தக்காரரின் வைப்புத்தொகையை விடுவிக்க வேண்டும் என்று வையுங்கள். அப்போது வடிவமைப்பாளரும் திரும்பி வருவார். என்னைப் போன்றவர்களையும் சேர்த்தேதான் சொல்கிறேன். நான் வரைந்த கட்டடங்களில் எத்தனைக்குத் திரும்பப் போயிருக்கிறேன் என்று கேட்டால், ஒரு கை விரல் போதும்.

முதல் கணக்கெடுப்புக்கு, சாவி கொடுத்து ஒரு வருடமான குடியிருப்பு ஒன்றை நீங்களே தேர்ந்தெடுங்கள். மாலை போடுகிறவர்கள் இல்லாத ஒரு வேலை நாளில், காலை ஐந்து மணிக்குப் பஸ் நிறுத்தத்தில் போய் நில்லுங்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தொழிலில் இருக்கும் ஒருவன்