சைக்கிள் டைனமோவில் கேட்ட பேஸ் கிற்றார்

ஆசிரியர் அவர்களுக்கு,

செப்டெம்பர் 27 மெட்டாலிக்கா என்ற அமெரிக்க மெட்டல் இசைக்குழுவின் பேஸ் கிற்றார் (தாழ்ந்த சுருதியில் ஒலிக்கிற கிற்றார்) கலைஞர் கிளிஃப் பேர்ட்டன் இறந்த நாள், அவரைப் பற்றி நம் ஊர்ப் பத்திரிகையிலும் நாலு வரி வரவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். 1986இல் சுவீடனில் இரவுப் பயணத்தில் அவர்களுடைய பஸ் புரண்டது. வயது 24தான்.

நான் அவரை முதலில் கேட்டது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாத காலம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி அண்ணா பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேப் ரெக்கோடரை ஓடவிடுவோம், அவருக்குக் கை உளைந்தால் பாட்டும் இழுபடும். 1983இல் வந்த மெட்டாலிக்காவின் முதல் அல்பத்தில் பேஸ் தனியே தொடங்கி, ட்ரம்ஸ் பாதியில்தான் வந்து சேர்கிற ஒரு உருப்படி இருக்கிறது. அதைத் தனி வாசிப்புக்கான லீட் கிற்றார் என்றே கனகாலம் நினைத்திருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, தந்தியை மீட்டுகிற பிக் இல்லாமல் வெறும் விரலால், கிற்றாரின் ஒலியை மாற்றுகிற வா-வா பெடலைக் காலால் மிதித்து கிளிஃப் வாசித்தது என்று!

கிளிஃபைச் சேர்ப்பதற்காகவே குழு லொஸ் ஏஞ்சலிஸை விட்டு சான் பிரான்சிஸ்கோப் பக்கம் குடிபெயர்ந்தது. அவர் இருந்து செய்தது மூன்று அல்பம். அவர்கள் வாசித்த த்ராஷ் மெட்டல் என்ற வேகமான மெட்டல் இசை வெறும் சத்தம் என்கிறவர்கள் அந்த மூன்றையும் பொறுமையாகக் கேட்கவேண்டும், ஜெர்மன் இசைமேதை பாக்கின் (Bach) இசையை நேசித்தவருடைய கை அதில் தெரியும்.

நம் திருவிழா மேடைகளில் பேஸ் வாசிக்கிற பிள்ளைகள் பின்னுக்கு ஒதுங்கியே நிற்கிறார்கள், சத்தத்தையும் குறைத்துவிடுகிறார்கள். தம்பிமாரே, கிளிஃபைக் கேளுங்கள்.

வாசகர் ஒருவர்,
கோண்டாவில்.