புல் நடந்து போகாது: பாலைவனமாதல் தடுப்பு உடன்படிக்கை நாடுகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பிரதிநிதிகளுக்கு,

வணக்கம். 2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. இந்த நேரத்தில் பாலைப் புற்களுக்காக உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பூமி சூடேறும்போது எந்தப் புல் எங்கே வளரும் என்று காட்டி உங்கள் மேசைக்கு வரும் வரைபடங்களை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

ஒரு புல் இன்று எந்த வெப்பத்தில், எவ்வளவு மழையில் வாழ்கிறது என்று பார்க்கிறார்கள். 2070இல் அதே வெப்பமும் மழையும் எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டு, அங்கே பச்சை தீட்டிவிடுகிறார்கள். கணக்கு சரியாகவே இருக்கட்டும். அந்தப் பச்சைக்குப் புல் எப்படிப் போய்ச் சேரும்?

வட அமெரிக்காவின் சிவாவா பாலையில் கருப்பு கிராமா என்றொரு புல் இருக்கிறது. விதையிலிருந்து முளைத்து அது நிலைப்பது அபூர்வம். தரையோடு தண்டை நீட்டும். கணு மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விட்டால் அங்கே ஒரு புதுத் தூறு. ஒரு கோடையில் நீட்டிய தண்டு அடுத்த கோடையில்தான் வேர் பிடிக்கும் என்பதால், இரண்டு ஆண்டுகள் சேர்ந்தாற்போல் நல்ல மழை வேண்டும். வறட்சி அடிக்கடி வந்தால் அந்த இரண்டு ஆண்டுகள் வாய்ப்பதே இல்லை. சாண் சாணாக நகரும் இந்தப் புல்லைத்தான் வரைபடம் குளிர்ச்சி தேடி மலைச்சரிவு ஏறச் சொல்கிறது.

அதே பாலையில், நியூ மெக்சிகோவின் ஹோர்னாடா ஆய்வு நிலத்தில், 1912 முதல் இதைக் கவனித்து வருகிறார்கள். அதிக மேய்ச்சலும் 1950களின் வறட்சியும் புல்லை அழித்தன. மெஸ்கீட் புதர்கள் புகுந்தன. புதர்களுக்கு இடையே இருந்த மேல்மண்ணைக் காற்று வாரிக்கொண்டுபோய்ப் புதர்களின் அடியில் குவித்தது. அப்புறம் மழை திரும்பி வந்தபோது புல் முளைக்க மண்ணே இல்லை. வெப்பம் மட்டும்தான் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. மேய்ச்சலில் ஏற்கெனவே நைந்த நிலத்தில் வெப்பம் வந்து விழும்போது, புல்லின் எல்லை பின்வாங்குவது மட்டுமல்ல, திரும்பும் வழியும் அடைபடுகிறது.

சரி, வேகமாக நகரும் புல்லே இல்லையா? இருக்கிறது. கொழுக்கட்டைப் புல். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் அது மண்ணின் புல்தான். தீவனத்துக்காகவும் மண்ணரிப்பைத் தடுக்கவும் வட அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கொண்டுபோனார்கள். கடுங்குளிரும் உறைபனியும் அதற்கு ஆகாது. அமெரிக்க-மெக்சிகோ எல்லையில் உள்ள சோனோரா பாலையின் உயரமான சரிவுகளை இதுவரை காத்ததில் அவற்றுக்கும் பங்குண்டு. குளிர்காலம் சூடேற ஏற அந்த வேலி தளர்கிறது. செடிகளுக்கு நடுவே வெறுந்தரை இருந்ததால் அங்கே தீ பரவாது. இந்தப் புல் அந்த இடைவெளியை நிரப்பி, காய்ந்து, தீயைக் கைமாற்றிக் கொடுக்கிறது. பல பத்தாண்டுகள் நின்று வளர்ந்த சாகுவாரோ கள்ளிகள் வெந்துபோகின்றன. எரிந்த இடத்தில் முதலில் தலைகாட்டுவதும் இதே புல்தான். வானத்திலிருந்து பார்த்தால் எல்லாம் பச்சையாகத் தெரியும். அந்தப் பச்சையைப் பசுமை மீட்பு என்று எழுதிக்கொள்ளாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

தார் பாலையின் சேவன் புல்லில் ஒரு வேரை மெல்ல உருவிப் பாருங்கள். வேரைச் சுற்றி மணல் உறை போல ஒட்டியிருக்கும். கிடைக்கும் ஈரத்தைக் காக்க அந்தப் புல் தனக்குத் தைத்துக்கொண்ட சட்டை அது. இப்படிப்பட்ட நிலத்தைத் தரிசு என்று பதிவு செய்து, உழுது, மரம் நட நிதி ஒதுக்குவதை நிறுத்துங்கள். மீட்க வேண்டிய இடத்தில் அந்தந்த நிலத்தின் விதையையே தூவுங்கள். வெளியூர்ப் புல் சீக்கிரம் வளரும் என்று யாராவது சொன்னாலும் வேண்டாம்.

இன்னும் ஒன்று. பழைய தூறுகள் பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். அவை உயிரோடு இருப்பதால் புல் அங்கே நலமாக இருப்பதாக அறிக்கை வரும். காலடியில் ஒரு நாற்றுகூட இருக்காது. கண்காணிப்புக் குழுக்களை அனுப்பும்போது, நிற்கும் தூறுகளோடு, இந்த ஆண்டு முளைத்த நாற்றுகளையும் வேர்விட்ட கணுக்களையும் தனியாக எண்ணி வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
புல்வெளிகளை நேசிக்கும் ஒருவர்