நடுவில் ஒன்றும் தைக்கவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

குறி சொல்கிற உன் டாரட் சீட்டைப் பரப்ப நீ கேட்ட துணி தயார். திங்கட்கிழமை தபாலில் போடுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். பார்சலைப் பிரிக்கும் முன் இதை ஒருமுறை படித்துவிடு.

முதலில் நீ கோபப்படப் போகிற விஷயம். துணி நடுவில் பெரிய நிலா, சுற்றிலும் நட்சத்திரம், எல்லாம் ஜரிகையில் வேண்டும் என்று படம் அனுப்பியிருந்தாய். நடுவில் நான் ஒன்றும் தைக்கவில்லை. ஜரிகை வேலை எழும்பி நிற்கும். அதன் மேல் சீட்டை வைத்தால் சமமாக உட்காராது, ஆடும். சீட்டின் மூலை இழையில் மாட்டும், நாளடைவில் சீட்டும் கீறும், ஜரிகையும் பிரியும். அப்புறம், உன் சீட்டிலேயே நிலா இருக்கிறது, நட்சத்திரம் இருக்கிறது, இடி விழுகிற கோபுரம்கூட இருக்கிறது. கீழேயும் ஒரு நிலாவை வைத்தால் எதிரே உட்கார்ந்திருப்பவர் எதைத்தான் பார்ப்பார்? ஜரிகை வேண்டுமென்று ஆசைப்பட்டாய் என்பதற்காக நாலு ஓரத்திலும் ஒரு விரல் அகலத்துக்கு வைத்திருக்கிறேன். அழகர் வேஷத்துக்கு வைக்கிற அதே ஜரிகை. அது போதும்.

அளவு எப்படி எடுத்தேன் என்று சொல்கிறேன், உன் கூட்டாளிகள் கேட்டால் சொல்ல உதவும். சீட்டு ஏழு சென்டிமீட்டர் அகலம், பன்னிரண்டு உயரம் என்றாய். பழைய காலண்டர் அட்டையில் அதே அளவுக்குப் பத்துத் துண்டு வெட்டி, பத்துச் சீட்டைச் சிலுவை மாதிரி பரப்பும் கெல்டிக் கிராஸ் முறைக்கு நீ அனுப்பிய படத்தைப் பார்த்து வெட்டு மேசையில் பரப்பினேன். நடுவில் ஒன்று, அதன் மேல் குறுக்கே ஒன்று, நாலு பக்கமும் நாலு, வலது ஓரத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக நாலு. அந்த வலது வரிசைதான் துணியின் உயரத்தைத் தீர்மானிக்கிறது. நாலு சீட்டுக்கு 48 சென்டிமீட்டர், இடைவெளிக்கு ஆறு, ஆக 54. அகலத்தில் 40 போதும். ஆனாலும் 24 அங்குல, அதாவது 61 சென்டிமீட்டர், சதுரமாகவே தைத்திருக்கிறேன். கட்டில் மொத்தம் 78 சீட்டு, பத்துப் போனால் மிச்சம் 68. அந்தக் கட்டை இடது பக்கம் வைக்க இடம் வேண்டாமா?

மேல்துணி விளக்குத்தூண் பக்கம் வாங்கிய வெல்வெட். கறுப்பு கேட்டாய், கருநீலம் எடுத்தேன். கறுப்பு வெல்வெட்டில் ஒரு பஞ்சு ஒட்டினாலும் பளிச்சென்று தெரியும். உன் சீட்டில் மஞ்சள் அதிகம், வெள்ளைக் கரை வேறு. கருநீலத்தில் அது நன்றாக எடுத்துக்காட்டும். சாட்டின் வேண்டாம் என்று நானே முடிவு செய்தேன். அதில் சீட்டு வழுக்கிக்கொண்டு ஓடும். வெல்வெட் பிடித்துக்கொள்ளும், விளிம்பில் விரல் கொடுத்துச் சீட்டைத் தூக்கவும் மெத்தென்று இடம் கொடுக்கும்.

தலைகீழாக விழுந்த சீட்டுக்கு வேறு பலன் என்று ஒருமுறை சொன்னாய். வெல்வெட்டுக்கும் தலை, கால் உண்டு பாப்பா. ஒரு பக்கமாகத் தடவினால் வழவழவென்று மினுங்கும், எதிர்ப்பக்கம் தடவினால் சொரசொரத்து நிறம் கறுக்கும். உன்னிடமிருந்து எதிராளி பக்கம் தள்ளும்போது வழவழப்பாகப் போகிற மாதிரி வைத்திருக்கிறேன். உன் பக்கம் வரவேண்டிய ஓரத்தின் அடியில் சிவப்பு நூலில் ஒரு சின்ன முடிச்சு இருக்கும், தடவிப் பார்.

அடித்துணி உன் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை. "கிளி இல்லாத கிளி ஜோசியத்துக்கு என் சேலைதான் கிடைத்ததா?" என்று ஒரு பாட்டம் பேசிவிட்டு, அவளே பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். இப்போது கடையில் கிடைப்பதில் பாதிக்குமேல் அச்சுப் புள்ளி. இது கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியது. புள்ளியை வெளிச்சத்தில் பார்த்தால் முடிச்சு இருந்த இடம் இன்னும் கொஞ்சம் சுருங்கி நிற்கும். பருத்தி என்பதால் மேசையில் நகராது. அவ்வளவு புள்ளியை மேலே வைத்தால் சீட்டு தொலைந்துபோகும், அதனால்தான் அடியில்.

தைப்பதில் வெல்வெட் படுத்துகிற பாடு எனக்கும் உன் சித்தப்பாவுக்கும்தான் தெரியும். மிஷின் பாதத்துக்கு அடியில் மேல்துணி நழுவிக்கொண்டே போகும், முடிக்கும்போது பார்த்தால் மூலைக்கு மூலை சேராது. அதனால் முதலில் கையால் நீள ஓட்டுத்தையல் சுற்றிலும் போட்டுப் பிடித்துக்கொண்டு, பிறகு மிஷினில் கொஞ்சம் நீளத் தையலாக அடித்தேன். ஒரு பக்கம் கை நுழைய இடம் விட்டு, மூலைகளில் மிச்சத் துணியைச் சாய்வாக வெட்டிவிட்டுப் புரட்டினேன். விட்ட இடத்தைக் கையால் மூடியிருக்கிறேன். எங்கே என்று கண்டுபிடித்தால் சொல்.

நீ அன்றைக்குச் சொன்ன கதை எனக்குப் பிடித்திருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலியில் வெறும் சீட்டாட்டத்துக்கு வந்த கட்டு, பிரான்ஸில் 1781-க்குப் பிறகுதான் குறி சொல்லும் சீட்டாகப் பரவியது என்றாயே, அது. ஆனால் மனதில் நின்றது உன் சீட்டுக்குப் படம் வரைந்த அம்மா, பமீலா கோல்மன் ஸ்மித். 1909-இல் லண்டனில் வந்த கட்டு. பெரிய வேலை, கொஞ்சக் காசு என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறாராம். பெட்டியில் வெகுகாலம் பதிப்பகத்தின் பெயரும் எழுத்தாளர் பெயரும்தான். நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன், சீட்டின் மூலையில் பாம்பு சுருண்ட மாதிரி அவர் கையெழுத்து. மீனாட்சி கோயில் எதிரே புதுமண்டபத்தில் இத்தனை வருஷம் தைத்தவனுக்கு அதைப் பார்க்க ஒரு திருப்தி. குன்னத்தூர் சத்திரத்துக்குக் கடை மாறிய பிறகு பழைய ஆட்கள் சிலர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்கள், போர்டில் பெயர் பார்த்து இல்லை, தையலைப் பார்த்து.

சீட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை, உனக்கே தெரியும். துணி தைக்க அது தேவையும் இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். ஆஸ்பத்திரி முடிவுக்குக் காத்திருப்பவர் வந்து உட்கார்ந்தால் சீட்டை எடுக்காதே, டீ போட்டுக் கொடுத்து அனுப்பு. மரணச் சீட்டில் குதிரையில் வருகிற அந்த எலும்புக்கூட்டுக்கு மாற்றம் என்றுதான் பொருள் என்று நீ விளக்கினாலும் அவர் காதில் ஏறாது.

துணியை மடிக்காதே, மடிப்பு விழுந்தால் வெல்வெட்டில் போகவே போகாது. அட்டைக் குழாயும் சேர்த்தே அனுப்புகிறேன், வெல்வெட் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டி வை. துவைக்காதே. நசுங்கினால் அடிப்பக்கம் ஆவி காட்டி உதறு, மேலே இஸ்திரி வைத்துவிடாதே. மிச்சத் துணியில் சீட்டு வைக்க ஒரு சுருக்குப் பையும் இருக்கிறது.

உன் கூடத் தங்கியிருக்கும் பெண்ணுக்கும் ஒன்று வேண்டும் என்றாயே, சீட்டின் அளவைப் பங்குனி பிறப்பதற்குள் அனுப்பச் சொல். அதற்குமேல் சித்திரைத் திருவிழா வேலை, தலை நிமிர முடியாது. உனக்குக் காசு வேண்டாம். அந்தப் பெண்ணிடம் வாங்குவேன்.

அன்புடன்,
அப்பா