வாடகை ஸ்கூட்டர் நிற்க வேண்டிய இடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போனில் ஆப் மூலம் எடுத்து ஓட்டி, போகும் இடத்தில் விட்டுவிடும் வாடகை மின்சார ஸ்கூட்டர்களை நகரங்களில் அடியோடு தடை செய்ய வேண்டும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பாரிஸை உதாரணம் காட்டியிருந்தார். தகவல் சரிதான். 2023 ஏப்ரல் 2 அன்று அங்கே மக்களிடமே வாக்கெடுப்பு நடந்தது. ஓட்டுப் போட வந்தவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர்கூட இல்லை. வந்தவர்களில் 89 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். செப்டம்பர் முதல் தேதியோடு சுமார் 15,000 ஸ்கூட்டர்கள் தெருவை விட்டுப் போயின.

ஆனால் பாரிஸ் நகருக்குள் ஏறக்குறைய அரை கிலோமீட்டருக்கு ஒரு மெட்ரோ ஸ்டேஷன் இருக்கிறது. ஸ்கூட்டர் இல்லையென்றால் நடந்தோ மெட்ரோ ஏறியோ போயிருக்கக்கூடியவர்கள்தான் அங்கே அதை அதிகம் எடுத்தார்கள். காரை விட்டுவிட்டு அதற்கு மாறியவர்கள் குறைவு.

நான் இருப்பது பெங்களூருவில், ஒயிட்ஃபீல்டு பக்கம். 2023 அக்டோபரில் இங்கிருந்து செல்லகட்டா வரை மெட்ரோவின் ஊதா வழித்தடம் முழுதாக ஓடத் தொடங்கியபோது எங்கள் வீட்டில் அத்தனை சந்தோஷம். ரயில் வந்துவிட்டது, ஸ்டேஷன் மட்டும் வீட்டிலிருந்து இரண்டரை கிலோமீட்டர். இணைப்பு பஸ் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இவ்வளவு கிட்டே என்றால் ஆட்டோக்காரர்கள் வர மறுக்கிறார்கள். மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாத, லைசென்ஸ் கேட்காத அந்தச் சின்ன வண்டியில்தான் என் மகள் பத்து நிமிடத்தில் ஸ்டேஷன் போய்ச் சேர்கிறாள். இரவு திரும்பும்போது பாதி நாள் ஒன்றுகூடக் கிடைப்பதில்லை. நகரின் நடுவே, ஐந்து நிமிடம் நடந்தால் போதும் என்கிற இடங்களில், வரிசையாக நிற்கின்றன!

நிறுத்தும் விதமும் மாற வேண்டும். போன வாரம் ஸ்டேஷன் படிக்கட்டுக்கு அருகே, பார்வையற்றவர்களுக்காகப் பதித்த மஞ்சள் புள்ளிக் கற்களின் மேலேயே ஒரு ஸ்கூட்டர் சாய்ந்து கிடந்தது. வெள்ளைக் கோலுடன் வந்த பெரியவர் அதில் முட்டி, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றுவிட்டார். நானும் டீக்கடைப் பையனும் தூக்கினோம். பூட்டிய வண்டி நகரவில்லை, அலாரம் அடிக்கிறது. அப்படியே இழுத்துத்தான் ஓரம் கட்டினோம்.

இதற்குத் தடை தேவையில்லை. ஸ்டேஷன் வளாகத்துக்குள்ளேயே கோடு போட்டு இடம் கொடுங்கள். அங்கே நிறுத்தினால்தான் வாடகை முடியும் என்று வையுங்கள். அனுமதி கேட்டு வரும் கம்பெனிகளிடம், இத்தனை வண்டி கடைசி ஸ்டேஷன்களில் காலையும் இரவும் நிற்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். சென்னையில் இரண்டாம் கட்ட மெட்ரோ ஸ்டேஷன்களைக் கட்டும்போதே வாசலில் இதற்கு இடம் விட்டுவிடலாம்.

அப்புறம் ஒன்று. ஸ்கூட்டர்தான் இருக்கிறதே என்று இணைப்பு பஸ்ஸைக் குறைத்துவிடாதீர்கள். என் அம்மாவுக்கு 72 வயது. மெட்ரோ என்றால் அவருக்கு அவ்வளவு பிடிக்கும், ஆனால் பஸ் வந்தால்தான் ஸ்டேஷன் வரை போக முடியும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர், பெங்களூரு