ட்ரேயில் வரும் கைடையும் ஒருமுறை பாருங்கள்

மருத்துவமனைக் கொள்முதல் குழுவினருக்கு வணக்கம்.

செயற்கை முழங்கால் மூட்டின் விலைக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது. அன்றிலிருந்து உடம்புக்குள் வைக்கும் பொருளின் விலையை எல்லாரும் துருவித் துருவிக் கேட்கிறோம். நல்லதுதான். ஆனால் அதோடு நிறுவனத்திலிருந்து ட்ரேயில் வந்திறங்கும் கருவிகள், அதாவது துளைக்கு வழிகாட்டும் கைடு, துளையை அகலப்படுத்தும் ரீமர், எலும்பைத் துளைக்கும் டிரில் பிட் எல்லாம் எந்த நிலையில் இருக்கின்றன என்று நான் பார்த்த எந்தப் படிவமும் கேட்டதில்லை. அந்த ட்ரேயைத் திறந்து மேசையில் அடுக்கும் தியேட்டர் ஊழியர் நான்.

முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற ஜவ்வு கிழிந்தவருக்கு, எலும்பில் துளை போட்டுப் புது ஜவ்வு வைக்கும் ஆபரேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். கைடின் வளைந்த கையை மூட்டுக்குள் விட்டு, பழைய ஜவ்வு ஒட்டியிருந்த இடத்தில் அதன் முனையை வைப்பார் டாக்டர். கோணம் பெரும்பாலும் 55 டிகிரி. வெளியே, முழங்காலுக்குக் கீழுள்ள கணைக்கால் எலும்பின் மேற்பகுதியில் கைடின் குழாயை அழுத்திப் பிடித்து, அதன் வழியே 2.4 மி.மீ. கம்பியை ஏற்றுவார். ரீமர் அந்தக் கம்பியின் மேல்தான் ஓடும். கம்பி தவறினால் துளையும் தவறும்.

தொடை எலும்பில் இடம் இன்னும் குறைவு. 8 மி.மீ. ஜவ்வு என்றால் துளையின் நடுவிலிருந்து விளிம்புவரை அதில் பாதி, 4. துளைக்குப் பின்னால் எலும்புச் சுவருக்கு 2 மி.மீ. விட வேண்டும், ஆக எலும்பின் பின்விளிம்பில் கொக்கியை மாட்டி, கம்பியை அங்கிருந்து 6 மி.மீ. தள்ளி நிறுத்தும் கைடு வேண்டும். இந்த 2 மி.மீ. கணக்கில், கொக்கி தேய்ந்த கைடை எப்படி நம்புவது? துளை முன்னே தள்ளிப் போனால் காலை மடக்கும்போது புது ஜவ்வு இறுகும். கால் மடங்காது, இல்லையென்றால் ஜவ்வு நாளடைவில் தளரும். ஏசிஎல் மறு ஆபரேஷனுக்கு வருகிறவர்களிடம் அதிகம் காணப்படும் தொழில்நுட்பத் தவறே இந்த இடம் மாறிய துளைதான். சிலருக்குப் பழைய துளையில் எலும்புத் தூளை நிரப்பி, அது கூடும்வரை மாதக்கணக்கில் காத்திருந்துதான் மறுபடி தொடங்க முடியும்.

மழுங்கிய பிட் வேறு தொல்லை. அழுத்த அழுத்தச் சூடாகும். 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்பு கெடத் தொடங்கும். மொட்டை பிட்டை வைத்துக்கொண்டு டாக்டரின் கையைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஸ்கேன் பார்த்து ஆளுக்கு ஆள் அச்சிட்டுத் தரும் கைடுகளை வாங்கச் சொல்லவில்லை. மூட்டு மாற்றில், சாதாரண முழங்காலுக்கு அவற்றால் பெரிய ஆதாயம் என்று ஆய்வுகள் தெளிவாகக் காட்டவில்லை. இருக்கிற இரும்பு நேராக இருந்தால் போதும்.

அதைப் பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும். முனையைக் குறிவைக்கும் வகைக் கைடு என்றால், அதைப் பூட்டி, குழாய் வழியே கம்பியை விட்டால், கம்பி நேராக முனையில் போய் முட்ட வேண்டும். விலகினால் அந்தக் கைடு திரும்பிப் போகட்டும். சரி, திருப்பி அனுப்ப நேரம் வேண்டாமா? ட்ரே காலையில் வந்தால் கழுவி, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் போடவே நேரம் போதாது. அதனால் முந்தைய நாளே ட்ரே வந்தாக வேண்டும், பிட் எத்தனை முறை பயன்பட்டது என்ற பதிவும் கூடவே வர வேண்டும், தேய்ந்ததை நிறுவனம் தன் செலவில் மாற்றித் தர வேண்டும் என்று அடுத்த ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தியேட்டர் டெக்னீஷியன்