கொலைச் செய்திக்கு இந்தச் சொல் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் ஒரு கொலைச் செய்திக்கு 'கிரான் கின்யோல் பாணிப் படுகொலை' என்று தலைப்புப் போட்டிருந்தீர்கள். வார இணைப்பில் ஒரு பேய்ப்பட விமர்சனத்திலும் அதே சொல் வந்திருந்தது. விமர்சனத்தில் வந்தது சரி. செய்தியில் வந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கின்யோல் என்பது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் லியோன் நகரில் பிறந்த ஒரு கைப்பொம்மையின் பெயர். அந்தப் பெயரைத்தான் 1897இல் பாரிசில் ஒரு சின்ன நாடக அரங்கு எடுத்து, 'கிரான் கின்யோல்' என்று தனக்கு வைத்துக்கொண்டது. முன்பு சிற்றாலயமாக இருந்த கட்டடம், முந்நூறு பேர்கூட உட்கார முடியாது, அதனால் மேடையில் கத்தி இறங்கினால் முன்வரிசையில் இருப்பவருக்கு அது தன் மேலேயே இறங்கிய மாதிரி இருக்கும். தொடங்கிய ஒஸ்கார் மெத்தெனியேவுக்கு அடித்தட்டு மக்களின் வாழ்க்கையை மேடையேற்றும் ஆசை. அடுத்த ஆண்டே பொறுப்பேற்ற மக்ஸ் மொரே அதைத் திகில் கூடமாக்கிவிட்டார். கண்ணைத் தோண்டுவது, கழுத்தை அறுப்பது, முகத்தில் அமிலம் வீசுவது எல்லாம் பார்வையாளரின் கண்ணெதிரே நடக்கும். எத்தனை பேர் மயங்கி விழுந்தார்கள் என்பதை வைத்துத்தான் மொரே நாடகத்தின் வெற்றியை அளந்தார் என்பார்கள். ஒரு திகில் நாடகம், அப்புறம் ஒரு சிரிப்பு நாடகம், மறுபடி திகில். போலா மக்ஸா என்ற நடிகை அந்த மேடையில் ஆயிரக்கணக்கான முறை கொல்லப்பட்டார், ஒவ்வொரு முறையும் திரை விழுந்ததும் எழுந்து வீட்டுக்குப் போனார்.

சீட்டு வாங்கி வந்தவரை நடுங்க வைப்பதற்கென்றே செய்து காட்டும் கொடூரம், பார்ப்பவருக்கும் பொய் என்று தெரிந்த கொடூரம், இதற்குத்தான் அந்தப் பெயர். 1962இல் அரங்கை மூடியபோது கடைசி இயக்குநர் சார்ல் நொனோன் சொன்ன காரணமும் இதைத்தான் காட்டுகிறது: நாஜி வதைமுகாமில் உண்மையாகவே நடந்ததற்கு மேடையால் ஈடுகொடுக்க முடியாது என்றார்.

உங்கள் செய்தியில் இறந்துபோனவர் எழுந்து வீட்டுக்குப் போகவில்லை. அவர் சாவுக்கு ஒரு காட்சிக் கலையின் பெயரைச் சூட்டினால் அவர் குடும்பத்தார் அதை எப்படி வாசிப்பார்கள்? உண்மையில் அந்தச் சொல் பொருந்துவது செய்தியை நீங்கள் அச்சிட்ட விதத்துக்குத்தான். தரையில் ரத்தக்கறை படம், அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம், பக்கத்தில் வெட்டுக்காயங்களின் எண்ணிக்கை கொட்டை எழுத்தில்.

தலைப்பில் 'கொலை' என்று மட்டும் போட்டாலே போதும். படத்தை இணையப் பதிப்பிலிருந்தாவது எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்