ஒரத்துப்பாளையம் சேறும் கல்குவாரி யோசனையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடலோரச் சுரங்கத்தின் நச்சுச் சேற்றை வாரி எடுப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நல்ல கட்டுரை. ஆனால் கடைசிப் பத்தியில், திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கிய நொய்யலாற்று ஒரத்துப்பாளையம் அணைச் சேற்றையும் இதேபோல வாரி, கைவிட்ட கல்குவாரிகளில் கொட்டி மூடிவிடலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. அங்கேதான் இடிக்கிறது.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்துக் கலாகன் சுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடல்நீர் ஏறி இறங்கும் ஒரு குளத்தை அணைகட்டி வற்றவைத்து, 1968 முதல் 1972 வரை அங்கே செம்பும் துத்தநாகமும் வெட்டினார்கள். பிறகு குழியில் தண்ணீரை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். 2002இல் அது அந்நாட்டு அரசின் நச்சுக்கழிவு இடங்களின் பட்டியலில் சேர்ந்தது. குளத்துச் சேற்றை வாரி, நீரில் மூழ்கிக் கிடக்கும் பழைய குழிக்குள்ளேயே இறக்கி மூடுவதுதான் அங்கே போட்ட திட்டம். காற்றுப் படாதவரை செம்பும் துத்தநாகமும் கந்தகத்தோடு சேர்ந்து சல்பைடாகக் கட்டுண்டு கிடக்கும். கரையில் கொட்டிக் காயவிட்டால் சல்பைடு ஆக்சிஜனேறி அமிலமாகி, உலோகம் கரைந்து ஓடிவரும்.

நம் அணையிலும் பாதி இதே கதைதான். சாயத்தொட்டியில் நிறத்தின் அழுத்தத்தைப் பொறுத்து லிட்டருக்கு 30 முதல் 80 கிராம் வரை உப்புப் போடுவார்கள். அது சாதா உப்பாக இருக்கும், அல்லது கிளாபர் உப்பு எனும் சோடியம் சல்பேட்டாக இருக்கும். அந்தச் சல்பேட்டைக் காற்றில்லாச் சேற்றில் பாக்டீரியாக்கள் சல்பைடாக மாற்றிவிடும். டர்காய்ஸ் நீலச் சாயத்தின் செம்பு அதில் மாட்டிக்கொள்ளும். இப்படிப்பட்ட சேறு மை மாதிரிக் கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு இருக்கும். காலையில் ஒரு கை அள்ளித் தட்டில் வைத்தால், பொழுது சாய்வதற்குள் மேல்புறம் பழுப்பேறிவிடும். கட்டு அவிழ்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நம் பக்கத்து மண்ணில் சுண்ணாம்பு மிகுதி என்பதால் அமிலம் ஓரளவு முறியும். உப்பு முறியாது.

கல்குவாரி யோசனை இந்த உப்பில்தான் அடிபடுகிறது. கலாகன் குழி கடலோரத்தில் இருக்கிறது, சுற்றிலும் ஏற்கெனவே உப்புத்தண்ணீர். கொங்கு நாட்டுப் பாறையிலோ தண்ணீர் ஓடுவதே வெடிப்புகளில்தான். வெடிவைத்து உடைத்த குவாரியில் அந்த வெடிப்புகள் இன்னும் விரிந்திருக்கும். 1,000 அடி போர் போட்டுத் தண்ணீர் தேடும் ஊரில் சாயச்சேற்றைக் குவாரியில் இறக்கினால், அது எந்தத் தோட்டத்துக் கிணற்றில் தலைகாட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. தார்ப்பாய் விரிக்கலாமே என்பார்கள். கூர்கூராக நிற்கும் செங்குத்துச் சுவரில் 1.5 மி.மீ. எச்டிபிஈ பிளாஸ்டிக் விரிப்பு கிழியும், மூட்டு ஒட்டவும் வராது.

முதல் வேலை சேற்றை அடுக்கடுக்காகப் பார்ப்பது. அணை திறந்தது 1992இல். உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது 2011 ஜனவரியில். அதற்குப் பின் படிந்த வண்டல் மேலேயும், முந்தைய சாயச்சேறு அதற்கடியிலும் இருக்கவே வாய்ப்பு அதிகம். மேலாக ஒரு கரண்டி அள்ளிப் பரிசோதித்தால் நல்ல மண் என்றுதான் முடிவு வரும். பரிசலில் போய், 3 அங்குல ஒளிபுகும் குழாயைச் சேற்றில் செங்குத்தாக இறக்கி, மேல்வாயை அடைத்துவிட்டு மெல்ல இழுக்க வேண்டும். அடிவாய் தண்ணீருக்கு மேல் வருமுன் மூடிவிட வேண்டும், இல்லையென்றால் பாதி வழியில் நழுவிவிடும். இறங்கிய ஆழத்தையும் உள்ளே நிற்கும் சேற்றின் நீளத்தையும் இரண்டையும் குறிக்க வேண்டும். சேறு அமுங்குவதால் இரண்டும் ஒன்றாக இருக்காது. பிறகு 10 செ.மீ.க்கு ஒரு துண்டாக வெட்டி, டப்பாவில் காற்றுக்கு இடம் விடாமல் அடைத்து ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். தண்ணீர் நுழையும் வால்பகுதியில் மட்டும் எடுத்தால் மணல்தான் கிடைக்கும். நைசான களிமண்ணும் அதில் ஒட்டிய உலோகமும் அணைச்சுவரை ஒட்டியும் பழைய ஆற்றுத் தடத்திலும்தான் படியும்.

ஆய்வகத்தில் மொத்த உலோகம் மட்டும் பார்த்தால் போதாது. அமிலம் விட்டதும் வெளிவரும் சல்பைடையும் கூடவே வரும் உலோகத்தையும் மோல் கணக்கில், அதாவது எடையாக இல்லாமல் அணு எண்ணிக்கையாக, ஒப்பிட வேண்டும். உலோகம் மிஞ்சினால் அந்த மிச்சம் சல்பைடில் கட்டுப்படாமல் இருக்கிறது என்று அர்த்தம். குரோமியம் இந்தக் கணக்கில் வராது, தனியாகப் பார்க்க வேண்டும். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டிய மண்ணையும், சோடியம் உறிஞ்சு விகிதம் (கால்சியம், மக்னீசியத்துக்கு எதிரே சோடியம் எவ்வளவு என்ற கணக்கு) 13ஐத் தாண்டிய மண்ணையும் வண்டல் என்று சொல்லி எந்தத் தோட்டத்துக்கும் கொடுக்கக் கூடாது. இலவசமாகக் கிடைக்கிறதே என்று வாங்கிப் போட்ட காடு பாழாகிவிடும்.

அளவையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஒரு ஏக்கரில் ஒன்றரை அடி வெட்டினால் 65,340 கன அடி, அதாவது யூனிட்டுக்கு நூறு கன அடி என்று 653 யூனிட். மூன்று யூனிட் டிப்பருக்கு 218 நடை. தோண்டிய சேற்றின் பருமன் கூடும் என்பதால் 260 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் எல்லாவற்றையும் வாராமல், அடுக்குச் சோதனையில் மாட்டும் இடத்தை மட்டும் வார வேண்டும் என்கிறோம். வாரியதைச் சிமென்ட் ஆலை உலையில் போட அனுப்புவதும் சுலபமில்லை. உப்பிலுள்ள குளோரைடு மிகுந்தால் உலைக்கு முன்னே மூலப்பொடியைச் சூடேற்றும் சைக்ளோன் கூம்புகளில் படிந்து அடைத்துக்கொள்ளும். இடம் பார்த்து மேட்டில் களிமண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, விரிப்பும் கசிவுநீர்க் குழாயும் வைத்த தொட்டிதான் சரி. அங்கே வடியும் நீரையும் ஆற்றில் விடக் கூடாது.

தண்ணீருக்குள் உறிஞ்சி எடுத்தால் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான் வரும். அதைவிட, வெறும் மண்கரை போட்டுப் பகுதி பகுதியாக வற்றவைத்து, ஈரம் காயுமுன் பொக்லைனில் வெட்டுவது நமக்குத் தோதானது. பிப்ரவரியில் தொடங்கி மே முடிவதற்குள் முடித்துவிட வேண்டும். வழக்கம்போல டெண்டரை மே மாதம் விட்டால், ஜூனில் வெள்ளியங்கிரி மழைத் தண்ணீர் வந்து, கிளறிப்போட்ட அத்தனையும் கரூர் மாவட்டம் வழியாகக் காவிரிக்குப் போய்ச் சேரும்.

— வாசகர்கள், சென்னிமலை